நாட் கிங் கோல்: பலரும் கேட்கும் கேள்விகள்

நாட் கிங் கோலின் பாட்டை யாருக்குப் போட்டுக் காட்டினாலும், பாட்டு முடிந்த கையோடு கேள்விகள் வந்துவிடுகின்றன. பெரும்பாலும் அதே கேள்விகள்தாம். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னால் இருப்பவை எளியவை. போகப் போகச் சிக்கலானவை. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டு போவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன், பாட்டும் எங்கோ கேட்டிருக்கிறேன். ஆனால் ஆள் யார்?

1940-களிலும் 50-களிலும் அமெரிக்க வீடுகளில் மிக அதிகமாக ஒலித்த குரல்களில் ஒன்று அவருடையது. 'நேச்சர் பாய்', 'மோனா லிசா', 'டூ யங்', 'அன்ஃபர்கெட்டபிள்' ஆகியவை அவர் பாடியவை. 1919 மார்ச் 17 அன்று அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரியில் பிறந்தார். 1965 பிப்ரவரி 15 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 45.

அந்தக் குறுகிய ஆயுளுக்குள் இரண்டு பேர் செய்யக்கூடிய வேலையைச் செய்தார். முதலில் அவர் தம் தலைமுறையின் தலைசிறந்த ஜாஸ் பியானோக் கலைஞர்களில் ஒருவர். பிறகு மெல்லிசைப் பாடகர். பாடகரின் புகழ் பியானோக் கலைஞரை மறைத்துவிட்டது. இந்தத் தொகுப்பை எழுத உட்கார்ந்ததற்கு அந்த வருத்தமும் ஒரு காரணம்.

'கிங்' என்பது அவர் பெயரா, பட்டமா?

பட்டம்தான். இயற்பெயர் நத்தானியல் ஆடம்ஸ் கோல்ஸ். தொழிலுக்கு வந்தபின் கடைசி 'ஸ்' உதிர்ந்து 'கோல்' ஆனது. ஆங்கிலக் குழந்தைப் பாட்டு ஒன்றில் 'கிழ ராஜா கோல்' என்று ஒருவர் வருவார். 1930-களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸில் குழு தொடங்கியபோது அந்தப் பெயர் இவரோடு ஒட்டிக்கொண்டது. மூவர் குழுவும் 'கிங் கோல் ட்ரியோ' ஆனது.

அவர் சிகாகோக்காரர் என்று சிலர் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. பிறந்தது மான்ட்கமரி, நான்கு வயது வாக்கில் குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்கு லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் போன காலம் அது. தந்தை எட்வர்ட் கோல்ஸ் பாப்டிஸ்ட் போதகர். தாய் பெர்லினா தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். மகனுக்கு முதலில் பியானோ சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

சிகாகோவின் பிரான்ஸ்வில் பகுதியில் வளர்ந்ததால் ஜாஸ் அவருக்குத் தெருவிலேயே கிடைத்தது. ஏர்ல் ஹைன்ஸ் என்ற பெரிய பியானோக் கலைஞர் அந்த ஊரில்தான் வாசித்துக்கொண்டிருந்தார். சிறுவன் கோல் ஆராதித்தது அவரைத்தான். அண்ணன் எடி, தம்பிகள் ஐக், ஃப்ரெடி என்று உடன்பிறந்த ஆண்கள் எல்லோருமே இசைக்கு வந்தார்கள். 1936-இல், 17 வயதில், அண்ணன் எடியின் குழுவோடு டெக்கா நிறுவனத்துக்காக முதல் இசைத்தட்டுப் பதிவில் வாசித்தார்.

சிகாகோவில் வளர்ந்தவர் லாஸ் ஏஞ்சலஸுக்கு எப்படிப் போனார்?

ஊர் ஊராகப் போன 'ஷஃபிள் அலாங்' என்ற இசை நாடகத்தில் பியானோ வாசிக்கச் சேர்ந்தார். 1937-இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் அந்த நாடகக் குழு பணமின்றிக் கலைந்தது. அதே நாடகத்தில் ஆடிய நாடீன் ராபின்சனை அந்த ஆண்டுதான் மணந்திருந்தார். ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கி, கிடைத்த மதுக்கடைகளில் எல்லாம் பியானோ வாசித்தார். 18 வயதுப் பையனுக்கு அது கடினமான பள்ளிதான்.

டிரம்ஸ் இல்லாமல் ஜாஸ் குழு எப்படிச் சாத்தியம்?

லாஸ் ஏஞ்சலஸில் 'ஸ்வானி இன்' என்ற விடுதியில் அவருக்கு வேலை கிடைத்தது. ஆஸ்கர் மூர் கித்தார், வெஸ்லி பிரின்ஸ் பேஸ் என்ற கனத்த அடிச்சுரத் தந்திக் கருவி, கோல் பியானோ. டிரம்ஸ் வாசிக்க வேண்டிய லீ யங் முதல் நாள் வரவில்லை, அதனால் மூவரோடு நின்றுவிட்டது என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. அந்த லீ யங்கே 1950-களில் கோலிடம் டிரம்ஸ் வாசித்தார் என்பது மட்டும் உறுதி.

காரணம் எதுவானாலும் விளைவு பெரிது. அது பெரிய இசைக்குழுக்களின் காலம். பித்தளைக் கருவிகளும் டிரம்ஸும் அதிர்ந்த காலம். இந்த மூவரோ தாளத்தைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொண்டார்கள். பேஸ் நடக்கும், கித்தார் ஒவ்வொரு அடியையும் தொட்டுக்கொடுக்கும், பியானோ அந்த இரண்டுக்கும் நடுவே இடைவெளி பார்த்து நுழையும். 1945 மார்ச்சில் பில்போர்ட் இதழ் முதன்முதலாக வெளியிட்ட ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது இந்த மூவரின் தொகுப்புதான். ஜாஸ் பியானோக் கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சன் பின்னால் பியானோ, கித்தார், பேஸ் என்று குழு அமைத்தபோது முன்மாதிரியாக இருந்தது இதுவே.

குடிகாரர் ஒருவர் வற்புறுத்தியதால்தான் பாட ஆரம்பித்தாராமே?

ஒரு வாடிக்கையாளர் 'ஸ்வீட் லொரெய்ன்' பாடச் சொல்லி அடம்பிடித்தார், கோல் வேறு வழியின்றிப் பாடினார், பாடகர் பிறந்தார் என்பது அந்தக் கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1930-களின் இறுதியில் வானொலி நிலையங்களுக்காக அந்தக் குழு செய்த பதிவுகளைக் கேட்டால் மூவரும் சேர்ந்து பாடுவது காதில் விழும். வெறும் வாத்திய இசையாகவே போனால் சலிக்கும் என்று தொடக்கத்திலிருந்தே இடையிடையே பாடினார்கள். 1940 டிசம்பரில் 'ஸ்வீட் லொரெய்ன்' இசைத்தட்டானபோது அந்தக் குரல் பல நாள் பழகிய குரல்.

முதல் பெரிய வெற்றி எது? அதில் அவருக்குப் பணமே வரவில்லை என்கிறார்களே?

'ஸ்ட்ரெயிட்டன் அப் அண்ட் ஃப்ளை ரைட்'. 1943 நவம்பர் 30 அன்று கேபிடல் நிறுவனத்துக்காகப் பதிவானது. பேஸ் வாசித்த வெஸ்லி பிரின்ஸ் போர்க்காலத்தில் ராணுவத்துக்குப் போய்விட்டதால் அவர் இடத்தில் ஜானி மில்லர் வாசித்தார். பாட்டின் கதை தந்தையின் பிரசங்கத்திலிருந்து வந்தது. ஒரு கழுகு, முதுகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லிக் குரங்கை அழைத்துப் போகிறது. மேலே போனதும் தள்ளிவிட்டுத் தின்பது அதன் திட்டம். குரங்கு வாலைக் கழுகின் கழுத்தில் சுற்றி இறுக்கி, ஒழுங்காகப் பற என்கிறது. கறுப்பின மக்களிடையே வழங்கிய பழைய நாட்டுக்கதை அது.

பணத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் உண்மை. கையில் காசில்லாத நாட்களில் அந்தப் பாட்டின் உரிமையை இர்விங் மில்ஸ் என்ற பதிப்பாளரிடம் 50 டாலருக்கு விற்றிருந்தார். பாட்டு நாடெங்கும் ஒலித்தபோது எழுதியவருக்கான பங்கு அவருக்கு வரவில்லை. அந்தக் காலத்தில் பல கறுப்பினக் கலைஞர்களுக்கு நேர்ந்தது இதுதான்.

ஹாலிவுட்டில் உள்ள வட்டக் கோபுரத்தை 'நாட் கட்டிய வீடு' என்று ஏன் சொல்கிறார்கள்?

கேபிடல் இசைத்தட்டு நிறுவனத்தின் தலைமையகம் அது, 1956-இல் திறக்கப்பட்டது. நிறுவனம் 1942-இல்தான் தொடங்கியது. தொடங்கியவர்கள் பாடலாசிரியர் ஜானி மெர்சர், திரைப்படத் தயாரிப்பாளர் பட்டி டிசில்வா, இசைத்தட்டுக் கடை நடத்திய கிளென் வாலிக்ஸ். புதிய நிறுவனம் நிமிர்ந்து நின்றதில் கோலின் விற்பனைக்குப் பெரும் பங்கு உண்டு. அதனால் வந்த பெயர்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் கேட்கும் அந்தப் பாட்டு எந்த ஆண்டுப் பதிவு?

'தி கிறிஸ்துமஸ் சாங்' பாடலை அவர் நான்கு முறை பதிவு செய்தார். 1946 ஜூனில் மூவர் குழுவோடு, அதே ஆண்டு ஆகஸ்டில் வயலின்களைச் சேர்த்து, 1953-இல் பெரிய இசைக்குழுவோடு, 1961-இல் ஸ்டீரியோவில். இன்று பெரும்பாலும் காதில் விழுவது 1961 பதிவு. பனியும் குளிரும் நிறைந்த அந்தப் பாட்டை மெல் டார்மேயும் பாப் வெல்ஸும் 1945-இல், கலிஃபோர்னியாவின் கோடை வெயிலில் உட்கார்ந்து எழுதினார்கள்.

கேட்டால் 1946 ஆகஸ்ட் பதிவைத்தான் நான் பரிந்துரைப்பேன். மூவர் குழுவின் நெருக்கம் அதில் இன்னும் இருக்கிறது. மூவரோடு முதலில் செய்ததை அப்படியே வெளியிடாமல் வயலின்கள் வேண்டும் என்று கோலே கேட்டார். அவருடைய பின்னாள் பாதை அங்கேதான் திறந்தது.

'நேச்சர் பாய்' எழுதியவர் ஒரு சாமியாராமே?

ஈடன் ஆபெஸ் என்று பெயர் வைத்துக்கொண்டவர் அவர். நீண்ட தலைமுடி, தாடி, காலில் செருப்பு, மரக்கறி உணவு. ஹாலிவுட் மலையில் உள்ள பெரிய பெயர்ப் பலகையின் கீழே திறந்த வெளியில் வாழ்ந்தவர் என்று பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. கோல் நிகழ்ச்சி நடத்திய அரங்கத்துக்குப் போய், அவருடைய உதவியாளர் ஒருவரிடம் பாட்டுத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தார். 1947 ஆகஸ்டில் பதிவாகி, 1948-இல் வெளிவந்து, எட்டு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

1948-இல் அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் பதிவு நிலையங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது. ஃபிராங்க் சினாட்ரா அந்தப் பாட்டைப் பாட விரும்பியபோது வாத்தியம் வாசிக்க ஆள் இல்லை. கூட்டுக் குரல்களை மட்டும் வைத்துப் பதிவு செய்தார். கோலின் பதிவு வேலைநிறுத்தத்துக்கு முன்பே முடிந்திருந்ததால் அதில் முழு இசைக்குழு இருக்கிறது. யூதர்களிடையே வழங்கும் யித்திஷ் மொழிப் பாட்டு ஒன்றின் மெட்டு இது என்று பின்னால் வழக்கும் வந்தது. அது பணம் கொடுத்துச் சமரசத்தில் முடிந்தது.

ஜாஸை விட்டுவிட்டுப் பணத்துக்காக மெல்லிசைக்குப் போனாரா?

அன்றைய ஜாஸ் விமர்சகர்கள் இதே கேள்வியைக் கோபத்தோடு கேட்டார்கள். 1950-இல் 'மோனா லிசா' வந்தது. இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் போட்ட பாட்டு. வானொலிகள் அதைத் தேடிப் பிடித்து முன்னுக்குக் கொண்டுவந்தன. பின்னணி இசையை எழுதியவர் நெல்சன் ரிடில். தட்டில் அச்சானதோ லெஸ் பாக்ஸ்டர் பெயர். அடுத்த ஆண்டு 'டூ யங்' முதலிடம் பிடித்தது. 1951-க்குப் பிறகு மூவர் குழு என்ற பெயரே மறைந்தது. கோல் பியானோவை விட்டு எழுந்து வந்து ஒலிவாங்கியின் முன் நின்றார்.

பணம் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. 1951-இல் வருமான வரித் துறை ஒன்றரை லட்சம் டாலரை நெருங்கும் பாக்கி கேட்டு அவருடைய வீட்டையே கைப்பற்ற வந்தது. ஆனால் பணத்தை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் அவர் பாடுவதைக் கூர்ந்து கேட்கவில்லை என்பேன். கார்டன் ஜென்கின்ஸ் இசைக்கோப்பில் அவர் பாடி 1957-இல் வெளிவந்த 'ஸ்டார்டஸ்ட்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல பாடகர்கள் விட்டுவிட்டுப் போகும் முன்பகுதியை அவர் முழுதாகப் பாடுகிறார். வயலின்கள் ஒரு சொற்றொடரை முடித்துச் சற்றே ஓயும் இடத்தில் குரல் நுழைகிறது. சொல்லின் முதல் எழுத்து தாளத்தின்மேல் விழுவதில்லை, ஒரு நூல் பின்தங்கி விழுகிறது. வரியின் கடைசிச் சொல்லை இழுத்து நீட்டாமல், விரலைக் கட்டையிலிருந்து எடுப்பதுபோல் விட்டுவிடுகிறார். மூவர் குழுவில் கித்தாருக்கும் பேஸுக்கும் நடுவே இடம் பார்த்து நுழைந்தாரே, அதே பழக்கம் இது. பியானோவை விட்டு எழுந்தாரே தவிர, பியானோக் கலைஞரின் காது அவரை விட்டுப் போகவில்லை.

குரலின் வீச்சு அதிகம் இல்லை, சத்தமும் இல்லை. அப்படியிருந்தும் பெரிய பாடகர் என்பது மிகையில்லையா?

வீச்சு நடுத்தரமானதுதான். உச்சத்துக்குப் போய்க் கைத்தட்டல் வாங்கும் பாடகர் அல்லர். அவருடைய பலம் ஒலிவாங்கியை அறிந்ததில் இருக்கிறது. வாயருகே வைத்துப் பாடும்போது மூச்சும், சற்றே கரகரப்பான அடிக்குரலும், மெய்யெழுத்துகளின் விளிம்பும் கூடப் பதிவாகும். அந்த நுணுக்கத்தில் அவர் உச்சரிப்புக்கு ஈடு சொல்வது கடினம். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவருக்கும் ஒவ்வொரு சொல்லும் தனியாகக் கேட்கும். அரங்கத்தின் கடைசி வரிசைக்குப் பாடாமல் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குப் பாடினார். அது திறமைக் குறைவு அன்று, வேறு திறமை.

பணக்காரர்கள் வாழும் பகுதியில் வீடு வாங்கியபோது என்ன நடந்தது?

1948-இல் நாடீனை விட்டுப் பிரிந்து, மரியா ஹாக்கின்ஸ் எலிங்டன் என்ற பாடகியை மணந்தார். நியூயார்க்கில் கறுப்பினத்தவர் நிறைந்த ஹார்லெம் பகுதியின் அபிசீனியன் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஆடம் கிளேட்டன் பவல் திருமணத்தை நடத்திவைத்தார். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸின் ஹான்காக் பார்க் பகுதியில் வீடு வாங்கினார்கள். கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரங்களிலேயே எழுதி வைத்திருந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் செயல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன.

அக்கம்பக்கத்தார் கூடி, வேண்டாதவர்கள் இங்கே குடியேறுவதை விரும்பவில்லை என்று அவரிடம் சொன்னார்கள். தமக்கும் அது பிடிக்காது, அப்படி யாராவது வருவதைக் கண்டால் முதலில் புகார் செய்வது தாமாகத்தான் இருக்கும் என்று கோல் பதில் சொன்னார். அதோடு முடியவில்லை. வீட்டு நாய்க்கு விஷம் வைத்தார்கள். புல்தரையில் இனவசைச் சொல்லைத் தீயால் பொறித்தார்கள். இதைச் செய்தவர்களின் வீட்டு வானொலியிலும் அந்த ஆண்டு 'நேச்சர் பாய்' ஒலித்திருக்கும். கோல் வீட்டை விற்கவில்லை. சாகும்வரை அங்கேயே வாழ்ந்தார். பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தார்கள்.

மேடையிலேயே அவரைத் தாக்கினார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1956 ஏப்ரல் 10, அலபாமாவின் பர்மிங்காம், நகராட்சி அரங்கம். நகரச் சட்டப்படி இரண்டு காட்சிகள்: முதல் காட்சி வெள்ளையர்களுக்கு, அடுத்தது கறுப்பினத்தவருக்கு. பின்னணியில் பிரிட்டனிலிருந்து வந்த டெட் ஹீத்தின் இசைக்குழு. முதல் காட்சியில் கோல் பாடிக்கொண்டிருந்தபோது சிலர் நடைபாதையில் ஓடிவந்து மேடையில் ஏறி அவரைக் கீழே தள்ளினார்கள். இனப்பிரிவினையைக் காக்கக் கிளம்பிய வெள்ளையர் அமைப்பு ஒன்றைச் சேர்ந்தவர்கள் அவர்கள். முன்கூட்டியே துப்புக் கிடைத்திருந்ததால் போலீசார் மேடை ஓரத்திலேயே நின்றிருந்தார்கள். உடனே பாய்ந்து பிடித்தார்கள். கோலின் முதுகில் அடிபட்டது. தாக்கியவர்களில் சிலருக்குத் தண்டனையும் கிடைத்தது. அந்த அமைப்பின் தலைவர் ஏசா கார்ட்டர் பின்னாளில் அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸுக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுத்தார்.

சற்று நேரம் கழித்துக் கோல் மேடைக்குத் திரும்பி வந்தார். கூட்டம் எழுந்து நின்று நீண்ட நேரம் கைதட்டியது. உங்களை மகிழ்விக்கத்தான் வந்தேன், நானும் இந்த மாநிலத்தில் பிறந்தவன்தான் என்ற பொருளில் சில சொற்கள் பேசினார். அந்தக் காட்சியைத் தொடரவில்லை. ஆனால் பிறகு நடந்த கறுப்பின ரசிகர்களுக்கான காட்சியில் பாடினார். அடிபட்ட முதுகோடு அந்த இரண்டாம் காட்சிக்கு அவர் வந்து நின்றதை யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு முதல் காட்சியின் கைத்தட்டலைவிட அதுவே பெரிதாகப் படுகிறது.

இவ்வளவு நடந்தும் அவர் சம உரிமைப் போராட்டத்தில் சேராதது ஏன்?

இந்தக் கேள்வி அவர் காலத்திலேயே, அவர் மக்களிடமிருந்தே எழுந்தது. பர்மிங்காமுக்குப் பிறகு, தாம் எந்தப் போராட்டத்திலும் கலந்துகொண்டதில்லை, பிரிவினையை எதிர்க்கும் எந்த அமைப்பிலும் சேர்ந்ததில்லை, தம்மை ஏன் தாக்கினார்கள் என்று புரியவில்லை என்று செய்தியாளர்களிடம் சொன்னார். கறுப்பினப் பத்திரிகைகள் கொதித்தன. ஹார்லெமில் மதுக்கடைக்காரர்கள் அவருடைய தட்டுகளைப் பாட்டுப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். பிரித்து உட்காரவைக்கும் அரங்கில் பாடச் சம்மதித்ததே தவறு என்றார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அவர் பிறந்த மான்ட்கமரியிலேயே அப்போது எளிய மக்கள் இனப்பிரிவினையை எதிர்த்து மாதக்கணக்கில் பஸ்ஸைப் புறக்கணித்து நடந்தே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆனால் ஒன்றும் செய்யாதவர் என்ற தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அந்தப் பஸ் புறக்கணிப்புக்கு அவர் பணம் கொடுத்திருந்தார். அறை தர மறுத்த ஹோட்டல் மீது வழக்குப் போட்டிருந்தார். மேலே சொன்ன வீட்டு விவகாரத்தில் அசையாமல் நின்றார். விமர்சனம் வந்த சில நாட்களுக்குள் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தேசியச் சங்கத்தில் 500 டாலர் கட்டி ஆயுள் உறுப்பினர் ஆனார். மேடையில் முழங்குவது அவர் இயல்பில் இல்லை. போராட்டத்தில் முன்னின்ற பாடகர் ஹாரி பெலஃபாண்டேயை அளக்கும் அளவுகோலால் இவரை அளந்தால் குறைவாகத்தான் வரும். விலகிப் போகச் சொன்ன இடங்களில் அவர் விலகாமல் இருந்தார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சொந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சி இருந்தும் ஏன் ஓராண்டில் நின்றது?

1956 நவம்பர் 5 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் அவர் நிகழ்ச்சி தொடங்கியது. பர்மிங்காம் நடந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. முதலில் 15 நிமிடம். 1957 ஜூலையிலிருந்து அரை மணி நேரம். பார்ப்பவர்கள் இருந்தார்கள். நாடு முழுவதற்குமான விளம்பரதாரர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. கறுப்பினத்தவரோடு பெயர் சேர்ந்தால் தெற்கில் பொருள் விற்காது என்று நிறுவனங்கள் பயந்தன. இத்தனைக்கும் 1946 முதல் 48 வரை அவருடைய மூவர் குழு நடத்திய வானொலி நிகழ்ச்சிக்குத் தலைமயிர்த் தைலம் விற்ற நிறுவனம் பணம் கொடுத்தது. வானொலியில் முகம் தெரியாது.

எல்லா ஃபிட்ஜெரால்ட், பெலஃபாண்டே, பெகி லீ, டோனி பென்னெட் போன்றவர்கள் கலைஞர் சங்கம் விதித்த குறைந்தபட்சக் கூலிக்கு வந்து பாடிக் கைகொடுத்தார்கள். என்.பி.சி.யும் தன் செலவில் ஓராண்டு தாங்கியது. பிறகு பார்வையாளர் குறைவான நேரத்துக்கு மாற்றுவதாகச் சொன்னதும் கோலே போதும் என்றார். கடைசி ஒளிபரப்பு 1957 டிசம்பர் 17. விளம்பர நிறுவனங்கள் குவிந்திருக்கும் நியூயார்க் தெருவைக் குறித்து, மாடிசன் அவென்யூவுக்கு இருட்டென்றால் பயம் என்று அவர் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திய முதல் கறுப்பினத்தவர் அவர்தானே?

அல்லர். பியானோக் கலைஞர் ஹேசல் ஸ்காட் 1950-லேயே ட்யூமான்ட் தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சி நடத்தினார். கோலின் நிகழ்ச்சி நாடறிந்ததாக இருந்ததால் முதல் இடமும் அவருக்கே போய்விட்டது. ஸ்காட்டின் பெயரை விடாமல் சொல்வதுதான் முறை.

ஸ்பானிய மொழியில் பாடினாரே, அந்த மொழி தெரியுமா?

தெரியாது. ஒலியைக் கேட்டு மனப்பாடம் செய்து பாடினார். 1958-இல் வந்த 'கோல் எஸ்பானியோல்' ஆல்பத்தின் வேலை கியூபாவின் ஹவானாவில் நடந்தது. உச்சரிப்பில் அமெரிக்க வாடை உண்டு; ஆனாலும் லத்தீன் அமெரிக்கா முழுவதும் அந்தப் பாட்டுகளைச் சொந்தமாக்கிக்கொண்டது.

புகைதான் அவரைக் கொன்றதா?

நுரையீரல் புற்றுநோய். ஒரு நாளைக்கு மூன்று பாக்கெட் மென்தால் சிகரெட் வரை பிடித்தவர். புகை குரலுக்கு அந்தக் கரகரப்பைத் தருகிறது என்று நம்பினார். பதிவுக்கு முன் தொடர்ந்து பிடிப்பார். 1964 டிசம்பரில் உடல் மெலிந்த நிலையிலேயே சான் ஃபிரான்சிஸ்கோவில் 'எல்-ஓ-வி-இ' ஆல்பத்தின் பாட்டுகளைப் பதிவு செய்தார். 1965 ஜனவரி 25 அன்று இடது நுரையீரலை அகற்றினார்கள். மூன்று வாரங்களில் இறந்தார். கடைசியாக நடித்த 'கேட் பலூ' படம் அவர் போன பிறகு வெளிவந்தது. இறுதிச் சடங்கில் இரங்கல் உரை ஆற்றியவர் நகைச்சுவைக் கலைஞர் ஜாக் பென்னி.

இறந்த பிறகு மகளோடு எப்படி ஜோடிப் பாட்டு பாடினார்?

மகள் நட்டலி கோல் 1950 பிப்ரவரி 6 அன்று பிறந்தவர். 15-ஆம் பிறந்தநாள் முடிந்து ஒன்பதாம் நாள் தந்தையை இழந்தார். 1975-இல் தாமே பாடகியாகப் புகழ் பெற்றபோதும் தந்தையின் பாட்டுகளைத் தொடாமல் விலகியே இருந்தார். ஒப்பிடுவார்கள் என்ற தயக்கம். 1991-இல்தான் அவற்றைத் தொகுத்து ஓர் ஆல்பம் பாடினார். 'அன்ஃபர்கெட்டபிள்' பாட்டைக் கோல் 1951-இல் பாடியிருந்தாலும், 1961-இல் ஸ்டீரியோவில் மீண்டும் பதிவு செய்திருந்தார். அந்தப் பதிவில் குரல் தனித் தடத்தில் இருந்தது. அதைப் பிரித்தெடுத்து மகளின் குரலோடு சேர்த்தார்கள். 1992-இல் ஆண்டின் சிறந்த பதிவு, பாடல், ஆல்பம் ஆகிய மூன்று கிராமி விருதுகளும் அதற்குக் கிடைத்தன. நட்டலி 2015 டிசம்பர் 31 அன்று காலமானார்.

இறந்தவரின் குரலைப் பயன்படுத்துவது சரியா என்று சிலர் சங்கடப்படுகிறார்கள். இங்கே கேட்டது மகள். வணிகம் பின்னால் வந்தது. அந்தப் பதிவில் அவர் தந்தைக்கு இடம் விட்டுப் பாடுவதைக் கேட்டால் எனக்கு அந்தச் சங்கடம் எழுவதில்லை.

இதுவரை கேட்டதே இல்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

புகழ்பெற்ற மெல்லிசைப் பாட்டுகளை ஒத்திவையுங்கள். 'ஆஃப்டர் மிட்நைட்' ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். பர்மிங்காம் தாக்குதலுக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் நடுவே, 1956 ஆகஸ்ட், செப்டம்பரில் பதிவானது. பாடகராகப் பெயர் பெற்றுவிட்ட பின் கோல் மறுபடி பியானோவில் உட்கார்ந்து பாடுகிறார். வயலினில் ஸ்டஃப் ஸ்மித், டிரம்பெட்டில் ஹாரி எடிசன். 'ஸ்வீட் லொரெய்ன்' அதில் இருக்கிறது. 1940 பதிவையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் 16 ஆண்டுகளில் குரலுக்கு என்ன நடந்தது என்று தெரியும்.

பிறகு 1940-களின் மூவர் குழுப் பதிவுகள். அதற்கும் பிறகு 'ஸ்டார்டஸ்ட்' இடம்பெற்ற 'லவ் இஸ் தி திங்'. தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பல பகுதிகள் படச்சுருளில் தப்பியிருக்கின்றன; அவர் பியானோ வாசித்தபடியே தலையைத் திருப்பிக் கேமராவைப் பார்த்துப் பாடுவதை அவற்றில் காணலாம். கை எங்கே போகிறது என்று ஒருமுறைகூடக் குனிந்து பார்ப்பதில்லை.